பேசாத பிள்ளை மந்தமான பிள்ளையா?

பள்ளி தொடங்கிய முதல் வாரம். ஒன்றாம் ஆண்டு வகுப்பு. ஆசிரியை ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுகிறார். படத்தில் இருப்பது பூனை. "இது என்ன?" என்று கேட்கிறார். பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே குரலில் "பூனை!" என்று கத்துகிறார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை. ஆசிரியை அவள் அருகில் சென்று அதே கேள்வியைத் தனியாகக் கேட்கிறார். சிறுமி தலையைக் குனிந்துகொள்கிறாள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் வாரம் தாயாரை அழைத்து, "பிள்ளை கொஞ்சம் மெதுவாக இருக்கிறாள். வீட்டில் பேசிப் பழக்குங்கள்" என்கிறார். தாயாருக்கு ஒன்றும் புரியவில்லை. "வீட்டுல இவ வாய் ஓயாது டீச்சர்" என்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். அந்தச் சிறுமி வீட்டில் பேசுகிறாள், வகுப்பில் பேசவில்லை. வீட்டு வாசலுக்கும் வகுப்பறை வாசலுக்கும் இடையில் என்ன மாறுகிறது என்பதுதான் அப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆனால் பெரும்பாலும் யாரும் அதைக் கேட்பதில்லை. அவள் பெயருக்கு அருகில் ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பு அவளுடன் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் போகிறது. அவளிடம் குறைவான கேள்விகள் கேட்கப்படுகின்றன. குறைவாகக் கேட்கப்படுவதால் அவள் குறைவாகக் கற்கிறாள். இரண்டு ஆண்டுகளில் அந்தக் குறிப்பு உண்மையாகிவிடுகிறது.

பண்பாடு என்றவுடன் பலருக்கும் நினைவில் வருவது பொங்கல், தீபாவளி, வேட்டி, சேலை, பரதம். பாலர் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளுக்குப் பாரம்பரிய உடை அணிவித்துப் படம் எடுக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை; பிள்ளைகளுக்கும் அது மகிழ்ச்சியான நாள். ஆனால் குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது பண்பாடு என்பது இன்னும் ஆழத்தில் இருக்கிறது. யார் யாரிடம் எப்போது பேசலாம்? பெரியவர் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்கலாமா? தெரியாத வேலையை எப்படிக் கற்றுக்கொள்வது? தவறு செய்தால் யார் முன்னிலையில் திருத்துவார்கள்? உதவி வேண்டுமென்றால் அம்மாவிடம் போவதா, அக்காவிடம் போவதா? இவற்றை யாரும் பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. பார்த்துப் பார்த்தே ஐந்து வயதுக்குள் பிள்ளை இவற்றைக் கற்றுவிடுகிறது. பள்ளிக்குள் நுழையும்போது புத்தகப் பையோடு இந்த விதிகளையும் சுமந்துகொண்டுதான் நுழைகிறது.

கேள்வி கேட்பதிலும் பண்பாடு

இதை மிகப் பொறுமையாக ஆராய்ந்தவர் ஷெர்லி பிரைஸ் ஹீத் என்ற அமெரிக்க மானுடவியலாளர். அமெரிக்காவின் கரோலைனா பகுதியில், துணி ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த இரண்டு சிறிய குடியிருப்புகளோடு 1970களில் பல ஆண்டுகள் பழகி, 1983இல் அந்த ஆய்வை நூலாக வெளியிட்டார். ஒன்று கறுப்பின மக்களின் குடியிருப்பு, மற்றொன்று வெள்ளையர்களுடையது. கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றி அங்கிருந்த ஆசிரியர்களுக்கு ஒரு குறை இருந்தது. மிக எளிய கேள்விக்குக்கூட இந்தப் பிள்ளைகள் பதில் சொல்வதில்லை என்பதே அது.

ஹீத் இரண்டு பக்கமும் கவனித்தார். ஆசிரியர்கள் தங்கள் சொந்த வீடுகளில், தங்கள் குழந்தைகளிடம், பதில் தமக்கே தெரிந்த கேள்விகளை ஓயாமல் கேட்டார்கள். இது என்ன நிறம், நாய் எங்கே இருக்கிறது, பந்து எத்தனை என்று. கறுப்பினக் குடியிருப்பில் பெரியவர்கள் அப்படிக் கேட்கவில்லை. பதில் தெரிந்த ஒன்றை எதற்காகக் கேட்பது? அங்கே பிள்ளைகளிடம் கேட்கப்பட்ட கேள்விகள் வேறு வகை. "அது எதைப் போல இருக்கிறது?", "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள் ஒப்பிட்டுச் சொல்வதிலும் கதை சொல்வதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். பள்ளியில் அந்தத் திறமைக்கு முதல் சில ஆண்டுகள் வேலையே இருக்கவில்லை.

ஹீத் ஆசிரியர்களோடு சேர்ந்து பாடத்தை மாற்றிப் பார்த்தார். பிள்ளைகளுக்குப் பழக்கமான இடங்களின் படங்களைக் காட்டி, "இங்கே என்ன நடக்கிறது? நீ இங்கே போயிருக்கிறாயா? இது எதைப் போல இருக்கிறது?" என்று கேட்டார்கள். வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான், நிறம், எண்ணிக்கை, பெயர் என்ற பள்ளிக் கேள்விகளைச் சிறிது சிறிதாகப் பழக்கினார்கள். பள்ளிக் கேள்விகள் வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவற்றுக்குப் போகும் வழியைத்தான் மாற்றினார்கள்.

தமிழ் வீடுகளில் நிலைமை சற்று வேறுபடும். "மூக்கு எங்கே? காது எங்கே?" என்று கைக்குழந்தையிடம் கேட்காத பாட்டி உண்டா? ஆனால் அந்தக் கேள்விக்குக் குழந்தை மடியில் உட்கார்ந்துகொண்டு விரலால் பதில் சொல்கிறது. சுற்றியிருக்கும் எல்லாரும் சிரித்துக் கைதட்டுகிறார்கள். மூன்று நான்கு வயதானதும் அந்த விளையாட்டு நின்றுபோகிறது. "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே", "எதிர்த்துப் பேசாதே" என்ற பாடம் தொடங்குகிறது. அதை நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு வீட்டில் நல்ல பெயர். அதே பிள்ளை முப்பது பேர் முன்னிலையில், முன்பின் அறியாத ஒரு பெரியவரிடம், உரத்த குரலில் தனியாகப் பேச வேண்டும் என்று வகுப்பறை எதிர்பார்க்கிறது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற பூர்வகுடி மக்கள் பகுதியில் சூசன் பிலிப்ஸ் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் வகுப்பின் முன்னால் தனியாகப் பேசத் தயங்குவதைக் கண்டார். வீட்டில் அவர்கள் ஒரு வேலையை நெடுநேரம் பார்ப்பார்கள்; பிறகு யாரும் பார்க்காதபோது செய்து பார்ப்பார்கள்; கைவந்த பிறகுதான் மற்றவர்க்குக் காட்டுவார்கள். பள்ளியோ, கற்கும்போதே எல்லார் முன்னிலையிலும் தவறு செய்யச் சொன்னது. இது தமிழ்ப் பெண்களுக்கு விளங்காத செய்தி அன்று. கோலம் போடக் கற்றது எப்படி? அம்மா போடுவதைப் பல நாள் பார்த்து, பின்வாசலில் ஓர் ஓரமாகப் புள்ளி வைத்துக் கலைத்து, மறுபடி வைத்து, கடைசியில்தான் முன்வாசலில் அரிசிமாவோடு குனிந்திருப்பார்கள். முதல் நாளே முன்வாசலில் போடச் சொல்லி, தெருவே நின்று பார்த்திருந்தால் எத்தனை பேர் கோலம் கற்றிருப்பார்கள்?

ஹவாய்ப் பிள்ளைகள் கற்றுத்தந்த பாடம்

வீட்டுப் பழக்கத்தைப் புரிந்துகொண்டு பாடத்தை மாற்றினால் பலன் உண்டா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு ஹவாயில் கிடைத்த பதில் மிக முக்கியமானது எனலாம்.

1970களின் தொடக்கத்தில், ஹொனலுலு நகரில் கமேஹமேஹா பள்ளி நிறுவனம் ஹவாய்ப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஓர் ஆய்வுப் பள்ளியைத் தொடங்கியது. அந்தப் பிள்ளைகள் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். வீட்டில் அவர்கள் பேசியது கொச்சை ஆங்கிலம் என்பதால் அதுவே காரணம் என்றார்கள் சிலர். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்றார்கள் சிலர். பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ரோலண்ட் தார்ப், ரொனல்ட் கலிமோர், கேத்தி ஜோர்டன், கேத்ரின் ஆவ் முதலிய ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தார்கள்.

முதலில் வீடுகளைப் பார்த்தார்கள். ஹவாய்க் குடும்பங்களில் சின்னப் பிள்ளைகளை மூத்த பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டார்கள். தாயார் ஒரு வேலையைத் தனியொரு பிள்ளையிடம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கூட்டத்திடம் கொடுத்தார். யார் எதைச் செய்வது என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். சந்தேகம் வந்தால் அம்மாவிடம் ஓடவில்லை. அண்ணனிடமோ அக்காவிடமோ கேட்டார்கள். ஐந்து ஆறு வயதில் சமையல், துணி, தம்பி தங்கை என்று பொறுப்போடு இருந்த அதே பிள்ளைகள்தான் வகுப்பில் 'சோம்பேறிகள்' ஆனார்கள்.

வகுப்பில் என்ன நடந்தது? ஆசிரியர் பேசும்போது பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். கணக்கில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்டார்கள். ஆசிரியர் கண்ணுக்கு அது காப்பியடிப்பது. வீட்டில் அதற்குப் பெயர் உதவி. ஒருவர் தொடங்கிய கதைக்குள் இன்னொருவர் புகுந்து, மூன்றாமவர் அதை முடித்துவைப்பது ஹவாய் மக்கள் கூடிப் பேசும் வழக்கம். வகுப்பில் அதுவே ஒழுங்கீனம் என்று ஆயிற்று.

ஆய்வுப் பள்ளியில் இரண்டு மாற்றங்கள் செய்தார்கள். வகுப்பு சிறு சிறு குழுக்களாகப் பிரிந்தது. நான்கைந்து பிள்ளைகள் ஒரு மேசையில் தாங்களே வேலை செய்தார்கள். பக்கத்தில் கேட்பது அனுமதிக்கப்பட்டது. அதே நேரத்தில் ஆசிரியர் ஒரு குழுவோடு இருபது நிமிடம் உட்கார்ந்து கதை வாசித்தார். எழுத்துக்கூட்டுவதற்கு முதலிடம் கொடுத்து வந்த பாடம், பொருள் புரிந்துகொள்வதற்கு முதலிடம் கொடுக்கும் பாடமாக மாறியது. கதையைத் தொடங்குமுன், அதோடு தொடர்புள்ள எது அவர்கள் வாழ்க்கையில் நடந்திருக்கிறது என்று கேட்டார். பிறகு வாசித்தார்கள். பிறகு இரண்டையும் இணைத்துப் பேசினார்கள். பேசும்போது கை தூக்கி முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் சொல்லும்போதே மற்றவர் சேர்ந்து சொல்லலாம். கேத்ரின் ஆவும் உடன் ஆய்வாளர் ஒருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பிள்ளைகளை இரண்டு ஆசிரியர்களிடம் வாசிக்கவிட்டார்கள். ஒருவர் ஒவ்வொருவராகத்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தார். அவருடைய பாடநேரத்தில் பெரும்பகுதி 'நீ பேசாதே, அவன் பேசட்டும்' என்பதிலேயே கழிந்தது. சேர்ந்து பேசவிட்ட ஆசிரியரின் பாடத்தில் அதே பிள்ளைகள் கதையைப் பற்றி மிக அதிகமாகப் பேசினார்கள். ஆண்டுகள் செல்ல, ஆய்வுப் பள்ளியின் வாசிப்பு மதிப்பெண்கள் நாட்டின் சராசரியை நெருங்கின.

பிள்ளைகள் அதே பிள்ளைகள். வீடுகளும் அதே வீடுகள்.

ஒரு வழி எல்லாருக்கும் பொருந்துமா?

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாரும் ஹவாய் முறையை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதைச் செய்தும் பார்த்தார்கள். 1980களில் அரிசோனா மாநிலத்தில் ரஃப் ராக் என்னும் இடத்தில் நவஹோ பூர்வகுடிப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு இந்த முறையைக் கொண்டு போனார்கள். அங்கே அது அப்படியே எடுபடவில்லை.

நவஹோப் பிள்ளைகள் ஆணும் பெண்ணும் கலந்த ஐந்து பேர் குழுவில் ஒருவருக்கொருவர் உதவவில்லை. தனித்தனியாகவே வேலை செய்தார்கள். விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஆறு வயதிலேயே ஆட்டு மந்தையைத் தனியாக மேய்த்துவரும் பிள்ளைகள் அவர்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனியே பழகி வளர்ந்தவர்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் என்று இரண்டு மூன்று பேராக உட்காரவைத்தபோது அங்கேயும் உதவி வந்தது. கதையைத் துண்டு துண்டாக நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டது ஹவாயில் வெற்றி பெற்றது. நவஹோப் பிள்ளைகளுக்கோ முழுக் கதையையும் கேட்ட பிறகு பேசுவதுதான் இயல்பாக இருந்தது. ஹவாயில் ஆசிரியர் எல்லார் முன்னிலையிலும் ஒருவனைப் புகழலாம், செல்லமாக அதட்டலாம். நவஹோ வகுப்பில் இரண்டுமே பிள்ளைகளைக் கூச வைத்தன.

ஆகவே பண்பாட்டை மதிப்பது என்பது ஏதோ ஒரு நாட்டிலிருந்து ஒரு முறையை இறக்குமதி செய்வதன்று. 'குழுமுறைக் கற்றல்' என்று ஒரு பயிற்சிப் பட்டறையில் கேட்டுவிட்டு மறுநாளே மேசைகளை நகர்த்தும் பழக்கம் நம் பள்ளிகளிலும் உண்டு. மேசையை நகர்த்துவது எளிது. அந்த மேசையைச் சுற்றி உட்காரப்போகும் பிள்ளைகள் வீட்டில் யாரோடு, எப்படிப் பழகுகிறார்கள் என்று அறிவதுதான் சிரமமான வேலை.

ஆசிரியருக்கும் ஒரு பண்பாடு

பண்பாடு என்பது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மட்டுமே இருப்பது போலப் பேசுவது வழக்கம். ஆசிரியரும், பாடத்திட்டம் எழுதியவரும் ஏதோ பண்பாடே இல்லாத வெட்டவெளியிலிருந்து வந்தவர்கள் போல ஒரு தோற்றம்.

ஜோசப் தோபினும் அவருடைய குழுவினரும் ஜப்பான், சீனா, அமெரிக்கா மூன்று நாடுகளிலும் ஒவ்வொரு பாலர் பள்ளியில் ஒரு நாள் நடப்பதைப் படமெடுத்து, மூன்று நாட்டு ஆசிரியர்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்கள். 1989இல் அது நூலாக வந்தது. ஜப்பானிய வகுப்பில் ஏறத்தாழ முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியை. நான்கு வயதுப் பையன் ஒருவன் மற்றவர்களோடு ஓயாமல் சண்டை போடுகிறான். ஆசிரியை பார்த்துக்கொண்டே இருக்கிறார், குறுக்கிடவில்லை. அமெரிக்க ஆசிரியர்கள் அதிர்ந்துபோனார்கள். இது கவனக்குறைவு என்றார்கள். அந்த ஜப்பானிய ஆசிரியைக்கு அது கவனக்குறைவு அன்று. பிள்ளைகள் தாங்களே சண்டையைத் தீர்த்துக் கூடிவாழக் கற்க வேண்டும், அதற்கு இடம் விட வேண்டும் என்பது அவருடைய பயிற்சி. வகுப்பு பெரிதாக இருப்பதும் அதற்காகத்தான் என்றார்கள் ஜப்பானியர். பிள்ளைகள் குறைந்த அமெரிக்க வகுப்பு அவர்களுக்குக் களையிழந்து தெரிந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2009இல், தோபின் குழுவினர் இன்னொரு நூல் வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் சீனப் பாலர் பள்ளி மிகவும் மாறியிருந்தது. ஜப்பானியப் பள்ளி அவ்வளவாக மாறவில்லை. நல்ல பாலர் பள்ளி எது என்பதற்கு மூன்று நாடுகளும் மூன்று பதில் வைத்திருந்தன.

ஏழை வீடுகளில் பேச்சே குறைவு என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களை மாதம் ஒரு மணி நேரம் பதிவு செய்து, ஏழைக் குழந்தைகள் மூன்று வயதுக்குள் கேட்கும் சொற்கள் மிகமிகக் குறைவு என்று 1995இல் எழுதினார்கள். பெற்றோர் பலரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளிய ஆய்வு அது. 2019இல் வேறு ஆய்வாளர்கள், குழந்தையை நேராகப் பார்த்துச் சொன்ன சொற்களோடு, அதைச் சுற்றி மற்றவர்கள் பேசிய சொற்களையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த வேறுபாடு முன்பு சொன்னபடி காணப்படவில்லை. பாட்டி, அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று கூட்டமாகப் பேசும் வீட்டில், தாயார் குழந்தையை நோக்கிச் சொன்னதை மட்டும் எண்ணினால் கணக்கு எப்படிச் சரியாக வரும்? குழந்தையோடு நேராகப் பேச வேண்டியதில்லை என்று இதற்குப் பொருளில்லை. மொழி வளர்ச்சிக்கு நேரான பேச்சு மிக அவசியம். ஆனால் எந்தப் பேச்சைப் பேச்சு என்று எண்ணுவது என்பதிலும் எண்ணுபவரின் பண்பாடு ஒளிந்திருக்கிறது.

ஆயாக் கொட்டகையிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு

மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளை வளர்ப்பு ஒரே மாதிரி இருந்ததில்லை. தோட்டத்தில் விடியுமுன் பால்மரம் சீவப் போன தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். வரிசையாகத் தூளிகள், ஓர் ஆயா, தூளியை ஆட்ட ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். அங்கே வளர்ந்த பிள்ளைக்கு உடன் பிள்ளைகளே ஆசிரியர்கள். ஹவாய்ப் பிள்ளைகளின் கதை தோட்டத்தில் வளர்ந்த நேயர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரத்துக்குக் குடிபெயர்ந்தபின் அந்த நிலை மாறிவிட்டது. அடுக்குமாடி வீட்டில் ஒரு பிள்ளை, அல்லது இரண்டு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பாட்டியிடமோ பராமரிப்பு மையத்திலோ கைப்பேசியின் முன்னாலோ வளர்கிறது. 'தமிழ்ப் பிள்ளைகள் கூட்டாகக் கற்பவர்கள்' என்று இன்று ஓர் ஆசிரியர் முடிவு செய்தால், எதிரே இருக்கும் பிள்ளைக்குக் கூட்டம் என்றாலே என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பண்பாட்டைத் தெரிந்துகொள்கிறேன் என்று சொல்லி ஓர் இனத்துக்கே முத்திரை குத்துவது, பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதற்கு இன்னொரு வழி.

மொழியிலும் இதே சிக்கல்தான். "நேத்து எங்க தாத்தா வூட்ல ஒரு கோழி ஓடிப்போச்சு டீச்சர்" என்று ஓடிவந்து சொல்கிறது ஒரு பிள்ளை. "வூட்ல இல்லை, வீட்டில். ஓடிவிட்டது என்று சொல்" என்கிறார் ஆசிரியை. பிள்ளை "வீட்டில்" என்று திருப்பிச் சொல்கிறது. கோழி என்னவாயிற்று என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. எழுத்துத் தமிழைக் கற்பிக்கவே வேண்டும். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஐந்து வயதில், கதை பாதியில் இருக்கும்போதா? பிள்ளையின் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படியா, தாத்தா வீட்டில் கோழி ஓடிவிட்டதா?" என்று ஆசிரியை தம் வாயால் சொன்னாலே பிள்ளை இரண்டு வடிவத்தையும் கேட்டுவிடும். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது குறிப்பிடத்தக்கது.

சிங்கப்பூரின் நிலையோ மேலும் சிக்கலானது. அங்கே இந்தியர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 42.9 விழுக்காடு, 2020இல் 27.9 விழுக்காடு. அங்கே பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. தமிழ் வகுப்பறை மொழி. ஆங்கில வகுப்பில் வாயாடியாக இருக்கும் பிள்ளை தமிழ் வகுப்பில் மௌனமாகிவிடுகிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து 'தமிழ்ப் பற்று இல்லை' என்று சொல்வதும், முதலில் சொன்ன சிறுமியை 'மெதுவான பிள்ளை' என்று சொல்வதும் ஒரே தவறுதான்.

மௌனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லா மௌனத்துக்கும் பண்பாட்டைக் காரணம் காட்டக் கூடாது. வீட்டிலும் வயதுக்கேற்றபடி பேசாத பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பிள்ளை ஆகியோரை உடனே கிளினிக்கிற்கு அழைத்துச் சென்று காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். 'எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தாமதமாகத்தான் பேசினார்கள்' என்று ஓராண்டு காத்திருப்பதில் இழப்பு பெரிது. வீட்டில் நன்றாகப் பேசியும் பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் தவிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது ஒரு வகைப் பதற்ற நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அதைக் கண்டறியும் மருத்துவர்கள்கூடப் பள்ளி தொடங்கிய முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. புது இடத்தில் பிள்ளைக்குப் பழகும் காலம் வேண்டும் என்பதற்காகத்தான். மூன்றாவது வாரத்திலேயே தீர்ப்பு எழுதும் வகுப்பறைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடியாக்கச் சொன்னபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். பெரியவர் முன்னால் யோசித்துப் பேச வேண்டும் என்று பழகிய பிள்ளைக்கு அந்த இரண்டு விநாடி எவ்வளவு பெரிது! இதற்குப் புது மேசையும் வேண்டாம், கணினியும் வேண்டாம்.

பெற்றோர் பங்கும் இருக்கிறது. ஆசிரியர் அழைத்தால் குற்றவாளி போல் போய் நின்று, தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையைத் திட்டும் பெற்றோர் அநேகர். பிள்ளை வீட்டில் யாரோடு பேசுகிறது, எந்த வேலையை விரும்பிச் செய்கிறது, யார் சொன்னால் கேட்கிறது என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியாது. பெற்றோர் சொன்னால்தான் தெரியும். பாட்டி விரல் கணுக்களைத் தொட்டு எண்ணக் கற்றுக்கொடுத்த பிள்ளை, வகுப்பில் ஒரு விரலுக்கு மூன்று எண்ணினால் ஆசிரியருக்குப் பிழையாகத்தான் தெரியும். 'எங்க அம்மா அப்படித்தான் எண்ணுவாங்க டீச்சர்' என்று ஒரு வார்த்தை சொன்னால், அது பன்னிரண்டு வரை ஒரே கையில் எண்ணும் கணக்கு என்று வகுப்பு முழுவதுமே கற்றுக்கொள்ளலாம்.

பாலர் பள்ளியில் சேர்க்கும்போது பெற்றோர் ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் எண், தந்தையின் தொழில், வருமானம், கைப்பேசி எண், ஒவ்வாமை ஏதும் உண்டா என்று எல்லாம் கேட்கிறார்கள். அந்தப் பாரத்தின் அடியில் பெரும்பாலும் இரண்டு விரற்கடை வெற்றிடம் இருக்கும். 'வீட்டில் பிள்ளை யாரோடு அதிகம் பேசுகிறது? எந்த மொழியில்? எதைப் பற்றி?' என்று மூன்று கேள்விகளை அங்கே அச்சிட அதிகச் செலவாகாது. அச்சிடப்படவில்லை என்றாலும், தாயார் பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தில் தாமாகவே நான்கு வரி எழுதிக் கொடுக்கலாம்.